சாம்பலில் கிடந்த பெண்: இளையோர் நாவல்களில் சிண்டரெல்லா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தேவதைக் கதைகளை இளையோருக்கான மிகைபுனைவு நாவல்களாகப் புதிதாக எழுதுவது, ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தனி வகையாகவே வேரூன்றிவிட்டது. அந்த வகையைப் பற்றி வாசகர்களும் பெற்றோர்களும் எழுத முனைவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பத்துக் கதைகளை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட ஒரே கதையோடு கடைசிவரை நடந்து பார்ப்பது நல்லது என்பதால், சிண்டரெல்லாவையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டேன்.

மறுகூறல் என்று எதைச் சொல்கிறோம்?

பழைய கதையைச் சுருக்கித் தருவதோ, மொழிபெயர்த்துப் படங்களோடு அச்சிடுவதோ மறுகூறல் ஆகாது. கதையின் எலும்புகள் வாசகருக்கு அடையாளம் தெரிய வேண்டும்: தாயை இழந்த ஒரு பெண், அவளை வேலைக்காரியாக்கிய வீடு, ஓர் இரவுக்கு மட்டும் கிடைக்கும் ஆடை, தவறிப்போகும் காலணி. அந்த எலும்புகளின் மேல் வேறோர் உடலைக் கட்டி, பழைய கதை பேசாமல் விட்ட ஓரிடத்தில் நின்று பேசுவதையே மறுகூறல் என்கிறோம். தேவதைக் கதைகளில் அப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். அவை நடந்ததை மட்டும் சொல்லும். அதில் வரும் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நாவலோ காரணம் கேட்கும் வடிவம். ஆறு பக்கக் கதை முந்நூறு பக்கமாக வளரும்போது, அதுவரை யாரும் கேட்காத கேள்விகள் தாமாகவே வாசலில் வந்து நிற்கின்றன.

சிண்டரெல்லாவின் மூலக்கதை எது? புதிய நாவல்கள் மூலத்தைக் கெடுத்துவிடுகின்றனவா?

மூலம் என்று ஒன்றைக் கைகாட்டவே முடியாது. 1893-இல் லண்டன் நாட்டார் வழக்காற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்த நூலில், மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆய்வாளர் இக்கதையையும் இதன் உறவுக் கதைகளையும் சேர்த்து 345 வடிவங்களைத் திரட்டித் தந்தார். நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்னே, தாம்சன், ஊத்தர் அட்டவணையில் இதற்கு 510 ஏ என்ற எண் உண்டு. ஒரே எண்ணின் கீழ் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

ரோடோபிஸ் என்ற பெண் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு கழுகு அவள் செருப்பைக் கவ்விச் சென்று, மெம்ஃபிஸ் நகரில் நீதி வழங்கிக்கொண்டிருந்த அரசனின் மடியில் போட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி என்ற அறிஞர் பதிவு செய்த கதையில், யே சியன் என்ற பெண் தான் வளர்த்த மீனை மாற்றாந்தாய் கொன்றுவிட, அதன் எலும்புகளை ஒளித்து வைத்து வேண்டிக்கொள்கிறாள். ஆடையும் பொன் காலணியும் அவளுக்கு அந்த எலும்புகளிடமிருந்து கிடைக்கின்றன. பூசணிக்காய் வண்டியும் எலிக் குதிரைகளும் கண்ணாடிக் காலணியும் சார்ல் பெரோ 1697-இல் பிரெஞ்சில் வெளியிட்ட வடிவத்தில் வருபவை. 1950-இல் வெளியான டிஸ்னி படம் இதையே பின்பற்றியதால், உலகம் முழுவதும் இந்த ஒரு வடிவமே 'உண்மையான கதை' என்று மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனால் பெரோவுக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே நேப்பிள்ஸ் நகரத்து வட்டார மொழியில் ஜம்பாத்திஸ்தா பஸீலே எழுதிய வடிவம் அச்சாகிவிட்டது. அதில் நாயகியின் பெயர் ஸெஸொல்லா. கொடுமைக்காரியான மாற்றாந்தாயைப் பற்றித் தன் ஆசிரியையிடம் அழுகிறாள். ஆசிரியையோ அவளுக்குக் கொலை செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். பெட்டிக்குள் பழைய துணி எடுக்க மாற்றாந்தாய் குனியும்போது, ஸெஸொல்லா மூடியை அவள் கழுத்தில் விழவிட்டு முறித்துவிடுகிறாள். பிறகு தந்தை அந்த ஆசிரியையையே மணக்கிறார். அவள் அதுவரை மறைத்து வைத்திருந்த ஆறு மகள்களோடு வந்து சேர்கிறாள். அதற்குப் பிறகுதான் ஸெஸொல்லா அடுப்படிக்குத் தள்ளப்படுகிறாள். 1634-இல் வெளிவரத் தொடங்கிய தொகுப்பு இது. இன்றைய நாவலில் சிண்டரெல்லா கத்தி எடுத்தால் 'பாத்திரத்தையே மாற்றிவிட்டார்கள்' என்று வருந்துபவர்கள் ஸெஸொல்லாவை ஒருமுறை சந்திக்க வேண்டும். சாதுவான சிண்டரெல்லாவும் ஒருவர் எழுதிய மறுகூறலே.

கண்ணாடிக் காலணி ஓர் எழுத்துப் பிழை என்கிறார்களே, உண்மையா?

பிரெஞ்சில் கண்ணாடியைக் குறிக்கும் சொல்லும், அணில் தோலின் மென்மயிரைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதை வைத்து, பெரோ தவறாகக் கேட்டு எழுதிவிட்டார் என்ற கருத்து 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. நாவலாசிரியர் பல்ஸாக்கும் இதைச் சொன்னவர்களில் ஒருவர். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இன்று இதை ஏற்பதில்லை. பெரோ தெரிந்தே கண்ணாடி என்றுதான் எழுதினார். வளையாத, நெகிழாத ஒரு காலணி ஒருத்திக்கு மட்டுமே பொருந்தும் என்பதில்தானே கதையே நிற்கிறது.

பழைய வடிவங்கள் கொடூரமானவை, பின்னால் குழந்தைகளுக்காக மென்மையாக்கப்பட்டன என்பது சரியா?

பாதி சரி. ஜெர்மன் நாட்டார் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்களின் தொகுப்பு 1812 முதல் 1857 வரை ஏழு பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் கதைகள் மாறின. பாலுறவு தொடர்பான குறிப்புகளை அவர்கள் நீக்கினார்கள். வன்முறை குறையவில்லை, சில இடங்களில் கூடியது. மூத்த மகளின் பாதம் காலணிக்குள் நுழையாதபோது தாயே கத்தியைக் கொடுத்து, 'கட்டைவிரலை வெட்டிவிடு. அரசியானபின் நீ நடக்க வேண்டியதே இல்லை' என்று சொல்வது கிரிம் வடிவத்தில் வரும் காட்சி. இளவரசன் அவளைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். சிண்டரெல்லாவைப் பெற்ற தாயின் கல்லறையருகே மரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் 'காலணியில் இரத்தம்' என்று கூவிய பிறகே குனிந்து பார்க்கிறான். இறுதியில் அந்தப் புறாக்கள் இரு சகோதரிகளின் கண்களையும் கொத்துவது 1812 பதிப்பில் இல்லை, 1819-இல் சேர்க்கப்பட்டது.

வேறொரு மாற்றமும் இதே காலத்தில் நடந்தது. 1812-இன் வெண்பனிப் பெண் (ஸ்னோ ஒயிட்) கதையில் மகளைக் கொல்ல ஆள் அனுப்புபவள் பெற்ற தாயே. 1819-இல் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்ற தாயின் புனிதத்தைக் காப்பாற்ற, பழியெல்லாம் இரண்டாம் மனைவியின் தலையில் இறக்கப்பட்டது. இன்றைய நாவல்கள் மாற்றாந்தாயின் பக்கம் நின்று பேச முனைவதற்கு இந்த வரலாறே போதிய நியாயம் என்று கருதுகிறேன்.

இளையோர் நாவலாக இந்த வகை எப்போது உருப்பெற்றது?

ராபின் மெக்கின்லி 1978-இல் அழகியும் விலங்கும் கதையை முழு நாவலாக எழுதியதை நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம். அதற்கு அடுத்த ஆண்டு தேவதைக் கதைகளைப் புதிதாகச் சொன்ன ஏஞ்சலா கார்ட்டரின் சிறுகதைத் தொகுப்பு வந்தது. அது பெரியவர்களுக்கானது என்றாலும், பின்னால் இளையோருக்கு எழுதிய பலருக்கு வழிகாட்டியது. 1997-இல் கெயில் கார்சன் லெவின் எழுதிய 'எல்லா என்சான்டட்', அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரப்படும் நியூபெரி கௌரவ விருது பெற்று வகுப்பறைகளுக்குள்ளேயே நுழைந்தது. 2010-க்குப் பிறகு இந்த வகை பெருகியது. அவற்றில் பலவும் தொடர் நாவல்கள்.

லெவினின் நாவலை இவ்வளவு சிறப்பாகச் சொல்வது ஏன்?

சிண்டரெல்லாவில் யாரும் கேட்காத மிக எளிய கேள்வியை அது கேட்டது: இந்தப் பெண் ஏன் எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிகிறாள்?

எழுத்துப் பயிற்சி வகுப்புக்காக ஒரு கதை தேவைப்பட்டபோது, கதைப்பின்னல் முன்பே இருக்கிறதே என்று சிண்டரெல்லாவை எடுத்ததாகவும், இத்தனை நல்ல பெண்ணோடு பத்துப் பக்கம்கூடத் தன்னால் பழக முடியாது என்று உணர்ந்ததாகவும் லெவின் சொல்லியிருக்கிறார். அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு ஒரு சாபம். 'எல்லா' என்ற பெயருடைய நாயகி பிறந்தபோது லூசிண்டா என்ற தேவதை அவளுக்குக் 'கீழ்ப்படிதல்' என்ற வரத்தை அளிக்கிறாள். யார் எதை நேரடியாக ஏவினாலும் அவள் செய்தே ஆக வேண்டும்.

இதை வாசகருக்கு உணர்த்தும் காட்சி எல்லாவின் ஐந்தாவது பிறந்தநாளில் வருகிறது. சமையல்காரி மேண்டி அன்போடு கேக்கை நீட்டி, சாப்பிடு என்கிறாள். முதல் துண்டு சுவையாக இருக்கிறது, அடுத்ததும் அப்படியே. வயிறு நிரம்பிய பிறகும் குழந்தையின் கை நிற்கவில்லை. 'சாப்பிடு' என்ற சொல் இன்னும் முடியவில்லை என்பது பெரியவர்களுக்கு உறைக்கும் வரை அவள் விழுங்கிக்கொண்டே இருக்கிறாள். எந்தக் குழந்தைக்கும் எந்த வீட்டிலும் சொல்லப்படும் ஓர் அன்பான சொல், ஏவலாக மாறும்போது எவ்வளவு பயங்கரமானது என்பதை ஒரே தட்டில் வைத்துக் காட்டிவிடுகிறார்.

எல்லா சும்மா இருப்பவள் அல்லள். முட்டை அடிக்கும்போது கிண்ணத்தைப் பிடித்துக்கொள் என்று மேண்டி சொன்னால், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து போவாள். மேண்டி அவள் பின்னாலேயே சமையலறை முழுவதும் சுற்ற வேண்டும். ஏவலின் சொற்களுக்குள் அடங்கி, அதன் நோக்கத்தை மீறும் இந்தச் சாமர்த்தியம், அதிகாரம் இல்லாத எல்லோரும் அறிந்தது. பழைய கதை நற்குணம் என்று புகழ்ந்த ஒன்றை லெவின் கைவிலங்கு என்று காட்டுகிறார். அதற்காக அவர் மாற்றியது ஒரே ஒரு காரணத்தைத்தான். மாற்றாந்தாய், நடன விருந்து, இளவரசன், காலணி எல்லாம் அப்படியே இருக்கின்றன. மறுகூறலில் இதைவிடச் சிக்கனமான கைத்திறனை நான் கண்டதில்லை.

சிண்டரெல்லாவை இயந்திரப் பெண்ணாக்குவது வெறும் புதுமைக்காகவா?

மாரிஸா மேயர் 2012-இல் எழுதிய 'சிண்டர்' நாவலைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதிர்கால நகரமான புதிய பெய்ஜிங்கில், சந்தைக் கடையொன்றில் உட்கார்ந்து பழுது பார்க்கும் மெக்கானிக் அவள். உடலில் ஒரு பகுதி இயந்திரம். நாவல் அவளுடைய கணுக்காலில் துருப்பிடித்துப்போன ஒரு திருகாணியோடு தொடங்குகிறது. வளர்ந்த உடலுக்குப் பழைய இயந்திரப் பாதம் சிறியதாகிவிட்டதால், அவள் அதைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். முதல் பக்கத்திலேயே காலணி எதுவாகப் போகிறது என்பதை வாசகர் ஊகித்துவிடலாம்: அரண்மனைப் படிகளில் பிறகு கழன்று விழுவது அவள் பாதமே.

பெரோவின் கதையில் சிறிய பாதம் உயர்குலத்தின் அடையாளம். இங்கே சிறிய பாதம், புதியது வாங்கித் தராத வீட்டின் அடையாளம். அந்த ஒரு திருப்பத்துக்காகவே எதிர்காலமும் இயந்திரமும் தேவைப்பட்டன என்று நான் ஏற்கிறேன். சிவப்புக் குல்லாய்ப் பெண், கோபுரத்துப் பெண், வெண்பனிப் பெண் என்று 2015 வரை மேலும் மூன்று நாவல்களாகத் தொடர் நீண்டது. கதை பெரும் போர்க்கதையாக விரிந்த பிறகு, அந்தத் திருகாணியின் நெருக்கம் ஓரளவு கைவிட்டுப்போனது என்பது என் கருத்து.

இனத்தையோ பாலினத்தையோ மாற்றிவிட்டால் மறுகூறல் ஆகிவிடுமா?

மாற்றியதன் விளைவு கதையின் ஆழம்வரை சென்றதா என்பதைப் பார்க்க வேண்டும். மலிண்டா லோ 2009-இல் எழுதிய 'ஆஷ்' நாவலில் நாயகியின் மனம் இளவரசனை நாடவில்லை. அரசவையின் வேட்டைத் தலைவியை நாடுகிறது. அவளுக்கு உதவும் தேவதைக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நடன விருந்து என்ற காட்சியின் எடையே மாறிவிடுகிறது. டோனா ஜோ நபோலி 2004-இல் மிங் காலச் சீனாவில் வைத்து எழுதிய நாவலில், மாற்றாந்தாய் தன் சொந்த மகளின் பாதங்களை நல்ல வரன் வேண்டிக் கட்டி முடமாக்குகிறாள். கிரிம் கதையில் தாய் கத்தி நீட்டிய அதே செயல் அங்கே சமூக வழக்கமாக நிற்கிறது. யே சியன் கதை எழுதப்பட்ட காலத்துக்குப் பிறகே கால் கட்டும் வழக்கம் பரவியது என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது. நபோலி பழைய சீனக் கதையைப் பிற்காலத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைத்தார்.

கேலின் பெய்ரன் என்ற எழுத்தாளர் 2020-இல் எழுதிய நாவல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிண்டரெல்லா இறந்து 200 ஆண்டுகள் ஆன நாட்டில், அவளுடைய கதையே சட்டமாகியிருக்கிறது. உரிய வயது வந்த பெண்கள் நடன விருந்துக்குப் போயே ஆக வேண்டும், ஆண்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை, அது வெளிப்படையாகவே எழுதிக் காட்டிவிட்டது.

இந்த நாவல்களில் பொதுவாகக் காணும் குறை என்ன?

தந்தையைக் கொன்றுவிடுவது.

சிண்டரெல்லாவின் தந்தை கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டார் என்று பலர் நம்புகிறார்கள். டிஸ்னி படத்தில் அப்படித்தான். பெரோவிலும் கிரிம்மிலும் அவர் உயிரோடு, அதே வீட்டில் இருக்கிறார். முறையிட்டால் தந்தை தன்னையே கடிந்துகொள்வார், ஏனெனில் மனைவியின் சொல்லே அவருக்கு வேதம் என்பதால் அவள் வாய் திறக்கவில்லை என்று பெரோ எழுதுகிறார். கிரிம்மில் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் வேறு பெண் உண்டா என்று இளவரசன் கேட்கும்போது, இறந்துபோன மனைவி விட்டுச்சென்ற ஒரு சமையலறைச் சிறுக்கி இருக்கிறாள், அவள் மணப்பெண்ணாக இருக்க முடியாது என்று சொல்பவர் அவரே. அதற்கு முன், நடன விருந்திலிருந்து ஓடிவந்த பெண் புறாக்கூண்டுக்குள் ஒளிந்தபோது, தன் மகளாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்கு ஒரு நொடி வருகிறது. கோடரி கொண்டுவரச் சொல்கிறார், கூண்டு பிளக்கப்படுகிறது, உள்ளே யாரும் இல்லை.

இந்த மனிதரை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கடினம். அவர் இறந்துவிட்டால் மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஒரே ஒரு முகம் போதும், கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருந்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேயரின் நாவலிலும் வளர்ப்புத் தந்தை முன்பே கொள்ளைநோயில் இறந்துவிடுகிறார். லெவின் தந்தையைக் கொல்லவில்லை. பணத்துக்காக மறுமணம் செய்துகொள்ளும், மகளையும் சரக்காகவே மதிப்பிடும் வணிகராக அவரை உயிரோடு நிறுத்தியிருக்கிறார். அந்த நாவல் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் சிண்டரெல்லா உண்டா?

உறவுக் கதைகள் உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ. கே. ராமானுஜன், 'ஹஞ்சி' என்ற கன்னடக் கதையைச் சிண்டரெல்லாவோடு வைத்து ஆராய்ந்தார். பொன்னிறக் கூந்தலுடைய ஒரு பெண்ணின் மேல் சொந்த அண்ணனுக்கே ஆசை பிறக்க, தாய் அவளுக்கு மண்ணால் ஒரு முகமூடி செய்து மாட்டி வீட்டைவிட்டு அனுப்புகிறாள். அவள் ஒரு செல்வந்தர் வீட்டில் சமையல்காரியாகிறாள். முகமூடி இல்லாமல் அவளைக் காணும் இளைய மகன் மணந்துகொள்கிறான். இங்கே அடையாளத்தைச் சுமப்பது முகம். காலணிக்கு வேலை இல்லை. அச்சுறுத்தலும் மாற்றாந்தாயிடமிருந்து வரவில்லை, வீட்டு ஆணிடமிருந்து வருகிறது. இளையோர் நாவலாக விரியக் காத்திருக்கும் கதை இது.

பழைய கதையை எடுத்து எழுதினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

பெரோவின், கிரிம் சகோதரர்களின் கதைகள் பொதுவுடைமை. யாரும் எடுத்து எழுதலாம். ஆனால் ஒரு திரைப்படமோ நாவலோ புதிதாகச் சேர்த்த பெயர்கள், பாத்திரங்கள், பாடல்கள், தோற்றங்கள் அவற்றின் உரிமையாளர்களுக்கு உரியவை. அண்மைக்கால மொழிபெயர்ப்புகளுக்கும் உரிமை உண்டு.

எந்த வயதில் கொடுக்கலாம்? பழைய கதையை முதலில் படித்திருக்க வேண்டுமா?

லெவினின் நாவலைப் பத்து வயதுக்கு மேல் தயங்காமல் கொடுக்கலாம். மேயருக்குப் பன்னிரண்டு, பெய்ரனுக்கும் நபோலிக்கும் பதினான்கு என்று நான் வைத்துக்கொள்வேன். இது என் கணிப்பே, பிள்ளையை அறிந்தவர் மாற்றிக்கொள்ளலாம். 'இளையோர்' என்ற பெயரில் விற்கப்படும் எல்லா நாவல்களும் ஒரே வயதுக்கு உரியவையல்ல என்பதால், பெரியவர் முதலில் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

பழைய கதையைத் திரைப்படம் வழியாக மட்டும் அறிந்த பிள்ளைக்கு, பெரோவையும் கிரிம்மையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் அரை மணி நேரம் போதும். ஒரே கதை இரண்டு விதமாக இருப்பதைக் காதால் கேட்ட பிள்ளை, மூன்றாவது விதத்தைத் தானே கேட்கும்.

நானும் ஒரு மறுகூறல் எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

காலத்தையும் ஊரையும் மாற்றுவதிலிருந்து தொடங்காதீர்கள். பழைய வடிவம் ஒன்றைத் தேர்ந்து, வரி வரியாகப் படித்து, கதை காரணம் சொல்லாத இடங்களில் எல்லாம் கோடிடுங்கள். சாம்பலில் கொட்டிய பருப்பைப் பொறுக்கினால் விருந்துக்குப் போகலாம் என்று சொன்ன மாற்றாந்தாய், பறவைகள் உதவியால் அவள் முடித்துக் காட்டிய பிறகு ஏன் வாக்கு மாறினாள்? மூன்று இரவு நடனமாடிய இளவரசனுக்கு ஏன் முகம் நினைவில் இல்லை, காலணி தேவைப்பட்டது? கோடிட்ட இடங்களில் உங்களைத் தூங்கவிடாத ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் விடை சொல்லப் போகும் நாவல் கதையை விட்டு விளக்கவுரையாகிவிடும்.

என்னைத் தூங்கவிடாத இடம் அந்தத் தந்தையுடையதுதான். கூண்டைப் பிளந்தபின் அவர் வீட்டுக்குள் வருகிறார். மகள் அழுக்கு உடையோடு சாம்பலில் கிடக்கிறாள். அடுப்படியில் மங்கலான எண்ணெய் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. கிரிம் அதற்குமேல் எதுவும் எழுதவில்லை. அவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார், அவள் விழித்திருந்தாளா என்று யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.